ஆறாவது பாட்டில் வார்த்தை இல்லை

இனியவனோட புது ஆல்பத்துக்கு யூட்யூபில் ஒரு பையன் மார்க் போட்டிருந்தான். இசைக்குப் பத்துக்கு ஒன்பது, வரிக்குப் பத்துக்கு நாலு. சனிக்கிழமை முதல் ஷிஃப்ட்டு ஏறும்போதே பஸ்ஸில் இதுதான் பஞ்சாயத்து. பின் சீட்டுப் பையன்கள் சத்தம் புதுசா இருக்கு, இந்த மாதிரி எவனும் பண்ணலை என்றார்கள். முன் சீட்டுப் பெண்கள், முன்னெல்லாம் அவன் பாட்டில் எங்க சூப்பர்வைசரைத் திட்டுவான், கேட்க ஜாலியா இருக்கும், இப்ப என்னத்தைச் சொல்றான்னே புரியலை என்றார்கள். அண்ணா நீங்க சொல்லுங்க என்று என்னை இழுத்தார்கள். நான் ஹாரனை அடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

பாட்டைப் பத்திப் பேச நீ யாருய்யா என்று கேட்கலாம். நான் திருமலை. இருபத்திரண்டு வருஷமாக மணிமங்கலத்துக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஓட்டுறேன். ஒரு நாளைக்கு எட்டு நடை. இந்த ரோட்டில் என் அளவுக்குப் பாட்டு கேட்டவன் இருந்தால் வரச் சொல்லுங்க. எனக்கு வார்த்தை வேணும். இனியவன் முதல் தடவை பாட்டு போட்டானே, அதில் ஒரு இடம்:

"பன்னெண்டு மணி நேரம் நின்ன காலு கெஞ்சுது,
பாய விரிச்சா பாயிக்குள்ள லைனு இன்னும் ஓடுது."

அதைக் கேட்டுவிட்டுப் படப்பை சிக்னலில் வண்டியை நிறுத்தி அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினேன். கோயிலில் பாடுறவனுக்குக்கூட நான் அப்படித் தட்டினதில்லை. அப்பேர்ப்பட்டவன் புது ஆல்பத்தில் எட்டுப் பாட்டு போட்டு, ஆறாவது பாட்டில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் விட்டிருந்தான். ஏன் விட்டான் என்று அந்தப் பஸ்ஸில் தெரிஞ்ச ஆள் ரெண்டே பேர். அவன் ஒருத்தன், நான் ஒருத்தன்.

மணிமங்கலம் ஏரிப் பக்கம் ஷீட்டுக் கூரை போட்ட ஆறு வீடு வரிசையாக இருக்கும். மூணாவது நான். என் சம்சாரம் போன பிறகு தனிக்கட்டை. நாலாவது வீட்டில் ஷாரோன், அவள் புருஷன் மாரிசெல்வம், அவள் தம்பி இனியவன். ஷாரோன் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறவள். மாரிசெல்வம் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். எட்டு வருஷம் முன்னே ஒரு பையோடு வந்து என் பஸ்ஸில் ஏறினவன், இவளைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிற யோசனையையே விட்டுவிட்டான். அவன்தான் மச்சினனையும் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டான். கார் சீட்டுக்கு அடியில் வருகிற இரும்புப் பட்டைகளை பிரஸ்ஸில் அடித்து எடுக்கிற கம்பெனி.

மாமனும் மச்சினனும் ஒரே மெஷின். ஆறாம் நம்பர். இவன் முதல் ஷிஃப்ட்டு என்றால் அவன் ரெண்டாவது. வாரத்துக்கு வாரம் மாறும், ஆனால் எப்படி மாறினாலும் என் பஸ்ஸில் ஒருத்தன் இறங்குகிற இடத்தில்தான் இன்னொருத்தன் ஏறுவான். வீட்டுக்கு ஒரே சாவி. அதைப் படிக்கட்டிலேயே கை மாற்றிக்கொள்வார்கள். "குழம்பு மூடி வச்சிருக்கு மாப்ள, பூனை வரும்" என்று மாரி சொல்லிவிட்டு கேட்டுக்குள் போவான். தினம் இதே பேச்சு.

அந்தப் பழைய பிரஸ்ஸில் ரெண்டு பச்சைப் பட்டன் உண்டு. இந்தக் கை ஒன்று, அந்தக் கை ஒன்று. ரெண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற அச்சு கீழே இறங்கும். ரெண்டு கையும் பட்டனில் இருக்கும்போது எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது இல்லையா, அதற்காக அப்படி வைத்திருக்கிறான். ஆனால் தகட்டை வை, ரெண்டு கையையும் எடு, அமுக்கு, மறுபடி தகட்டை எடு என்று செய்தால் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு அடிதான் வரும். டார்கெட் அதுக்கும் மேலே. அதனால் பையன்கள் ஒரு பட்டனை அமுக்கி, அது மேலே டேப்பை ஒட்டிவிடுவார்கள். அட்டைப் பெட்டி மூட வைத்திருக்கிற பேக்கிங் டேப்பு, கண்ணாடி மாதிரி, எண்ணெய்க் கறையில் பார்த்தால் தெரியவே தெரியாது. அப்புறம் ஒரு கை தகடு வைக்க, ஒரு கை பட்டன் அமுக்க. வேகம் கிட்டத்தட்ட ரெண்டு பங்கு. ஷிஃப்ட்டு முடியும்போது பிய்த்துவிட வேண்டும். எல்லாருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும், யாரும் பார்க்கிறதில்லை.

மாரிசெல்வம் மட்டும் ஒட்டமாட்டான். அவனிடம் ஒரு பயந்தாங்கொள்ளித்தனம் உண்டு என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள். டார்கெட் வரலைன்னா அரை மணி சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷத்தைக் கொடுத்து ஈடு கட்டுவான். அவன் ஊர்க்காரன் ஒருத்தன் கை போனதைப் பார்த்தவனாம்.

புரட்டாசி மாசம் இனியவனுக்கு இந்தச் சத்தப் பைத்தியம் பிடித்தது. வசந்த் என்று அவனுக்கு ஒரு சிநேகிதன். இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கி ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன், மிச்ச நேரமெல்லாம் லேப்டாப். வார்த்தை எல்லாரும் எழுதறான்டா, நம்ம ஊர் சத்தத்தை எவன் எழுதினான் என்று அவன்தான் ஏத்திவிட்டது. அன்றிலிருந்து இனியவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு எதைப் பார்த்தாலும் ரெக்கார்டு. என் பஸ் கதவு மூடுகிற சத்தம், அவங்க அக்கா குக்கர் விசில், ஷீட்டு மேலே மழை. ஆம்பளைப் பிள்ளை குக்கர் முன்னாடி போனை நீட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பதைப் பார்த்து ஷாரோன் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

கம்பெனிக்குள்ளே போன் கொண்டுபோகக்கூடாது. இவன் சோத்துப் பைக்குள் சுற்றி எடுத்துப் போய் ஆறாம் நம்பர் பிரஸ்ஸை ரெக்கார்டு செய்துகொண்டு வந்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லாரும் ஏறுகிற வரைக்கும் என்ஜின் மேலே உட்கார்ந்து எனக்குப் போட்டுக் காட்டினான். டக். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டக். எனக்குத் தூக்கம் வந்தது.

"இன்னாப்பா இது, மாட்டு வண்டி மாதிரி கீது" என்றேன். "வேகம் பத்தல. கேக்கறவன் கால் ஆட வாணாமா?"

"மெஷினே அவ்ளோதாண்ணா. ரெண்டு கையாலயும் அமுக்கணும்ல."

"அது உன் கவலை. கேக்கறவனுக்கு இன்னா வந்துச்சு?"

சும்மா சொன்னதுதான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் ஆயிரம் சொல்வான். ஆனால் சொன்னது நான். அன்றைக்கு மழை இல்லை, வெயில், அவன் சட்டைப் பாக்கெட்டில் எண்ணெய்க் கறை, எல்லாம் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு.

மறுநாள் புதன்கிழமை ரெண்டரை மணி. மாரி இறங்கினான், சாவியைக் கொடுத்தான், குழம்பு பற்றிச் சொன்னான், போனான். இனியவன் ஏறின உடனே போனை என் காதில் வைத்தான். டக்டக்டக் என்று அடி மேலே அடி. நடுவில் தகடு உரசுகிற ஒரு சீறல். என் விரல் தானாக ஸ்டியரிங்கில் தாளம் போட்டது.

"இப்பதான்யா பாட்டு" என்றேன். எப்படிடா பண்ணே என்று கேட்டதற்கு, ஒரு டெக்னிக்குண்ணா என்று கண்ணைச் சிமிட்டினான். சந்தோஷத்தில் முகமெல்லாம் பல்லு.

படப்பை வருவதற்குள் அவனுக்குப் போன் வந்துவிட்டது.

பஸ்ஸில் இருந்தவர்களைப் படப்பையிலேயே இறக்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போங்கப்பா என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்கு விட்டேன். அதற்கு எனக்கு ஒரு மெமோகூட வந்தது. மாரிசெல்வத்துக்கு இடது கையில் மூணு விரல் போச்சு. ஆள்காட்டி, நடு, மோதிரம். நடந்தது இதுதான். ஷிஃப்ட்டு ஆரம்பித்து மூணாவது தகடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. இடது கையால் அதைச் சரி பண்ணியிருக்கிறான். வலது கை சும்மா பட்டன் மேலே கிடந்திருக்கிறது. ஒரு கை பட்டால் மெஷின் இறங்காது என்று நம்பித்தானே எட்டு வருஷமாக வேலை செய்கிறான். இறங்கிவிட்டது. இடது பட்டனில் டேப்பு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சூப்பர்வைசர் இனியவனிடம் கேட்டார். முதல் ஷிஃப்ட்டு நீதானே, நீ ஒட்டினியா?

"இல்ல சார்."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடம். வேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. கடைசிப் பத்து நிமிஷம் ஒட்டியிருக்கிறான், ரெக்கார்டு செய்திருக்கிறான், யாரோ வருகிற மாதிரி இருந்ததும் போனை ஒளித்ததில் டேப்பை மறந்திருக்கிறான். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சூப்பர்வைசர் தலையை ஆட்டிக்கொண்டு, அப்ப அவனேதான் ஒட்டியிருக்கான் என்று எழுதிக்கொண்டு போனார். கம்பெனிக்கும் அதுதான் வசதி.

ரிப்போர்ட்டில் அப்படியே ஏறியது: ஊழியர் தானே பட்டனை ஒட்டிக்கொண்டார். தை மாசம் மாரியை நிரந்தரம் பண்ணுகிறதாக இருந்தது, அதை நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வராதே என்று கடுதாசி வந்தது. விசாரணையில் குற்றம் என்று முடிவானால் இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்காது. விரல் இல்லாதவன் என்பது கூடப் பரவாயில்லை, விதியை மீறினவன் என்று பேர் வந்தால் ஒரகடத்தில் கேட்டுக்குள்ளேயே விடமாட்டான்.

நான் ஒட்டலை, நான் ஒட்டலை என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருத்தரும் நம்பலை. எல்லாரும்தான் ஒட்டுகிறார்களே, இவன் மட்டும் என்ன உத்தமனா? கேலி பண்ணின அதே பையன்கள், பார்த்தியா இவனும் நம்மாளுதான் என்று பஸ்ஸில் பேசினார்கள். கடைசியில் ஷாரோனே நம்பலை. நடுச் சுவர் ஒத்தைக்கல் சுவர், எனக்கு எல்லாம் கேட்கும். பொழுது விடிஞ்சா ஓ.டி. பார்க்கப் போகிற ஆத்திரம் அவளுக்கு. யாரு உன்னை டார்கெட்டைத் தூக்கி நிறுத்தச் சொன்னா, நிரந்தரம் ஆவணும்னு பேராசைப்பட்டு மூணு விரலைக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே என்பாள். முதல் ரெண்டு வாரம் அவன் பதில் சொன்னான். அப்புறம் சொல்கிறதை விட்டுவிட்டான். அவன் பேசாமல் இருந்ததைக் கேட்கிறது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இனியவன் மாமனுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டான், குளிப்பாட்டிவிட்டான், துணி துவைத்தான். பிறந்ததிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்காதவன். என் தம்பிக்கு இவ்ளோ பாசமா என்று ஷாரோன் எல்லாரிடமும் பெருமையடித்தாள். தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே இருக்கும். எழுதுவதையும் விட்டுவிட்டான். வசந்த் ஆறாவது பாட்டுக்கு அந்தப் பிரஸ் சத்தத்தை வைத்து எல்லாம் தயார் செய்துவிட்டு, வரி குடுடா வரி குடுடா என்று தினம் போன் செய்தான். இவன் என்ன காரணம் சொல்லி அதை வேண்டாம் என்பான்? நீயே பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டான். வசந்த், இது இன்னும் நல்லா கீதுடா, வார்த்தையே வாணாம் என்று அப்படியே விட்டுவிட்டான்.

ஒரு நாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, இந்த வாரம் சொல்லிடறேண்ணா என்றான். நான் என்ன சொல்லியிருக்கணும்? சொல்லுடா என்று இழுத்துக்கொண்டு போயிருக்கணும். நானோ, அவசரப்படாதே, உன் வேலையும் போனா அக்கா ஒத்தையில என்ன பண்ணும், விசாரணை எப்படிப் போகுதுன்னு பார்ப்போம் என்றேன். பெரிய மனுஷன் யோசனை. உள்ளே எனக்குப் பயம் வேற. அவன் சொல்ல ஆரம்பித்தால் ஏன் ஒட்டினே என்று கேட்பார்கள், யாரு வேகம் கேட்டா என்று வரும். குடம் நிறைந்து வழிந்தது, ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இப்படியே ஆறு வாரம் ஓடி, கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்தது. சனிக்கிழமை அந்த மார்க்கு. ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஷாரோன் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து கோழி வாங்கி வந்திருந்தாள், ஆல்பம் வந்த சந்தோஷத்துக்காக. என்னையும் கூப்பிட்டாள். ஷீட்டில் ஒரு ஆணி ஓட்டை, அதுக்கு நேர் கீழே குண்டான். மாரி சுவரில் சாய்ந்து இடது கையை மடியில் துண்டுக்குள் வைத்திருந்தான். இனியவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

மாரிதான் கேட்டான், "மாப்ள, உன் பாட்டைப் போடேன். ஊரே கேக்கு, நான்தான் கேக்கல."

அப்புறம் கேக்கலாம் மாமா என்று இனியவன் சொன்னான். ஷாரோன் விடலை. அவளே போனை எடுத்து ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டாள். முதல் பாட்டில் தன் குக்கர் விசில் வந்ததும் கரண்டியோடு ஓடி வந்து, இது நான், இது நான் என்றாள். மூணாவதில் என் பஸ் கதவு. மாரி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். நான் எழுந்து போயிருக்கலாம். கோழி வாசனை வந்துகொண்டிருந்தது.

ஆறாவது பாட்டு வந்தது. மாரி கண்ணைத் திறந்தான். கொஞ்ச நேரம் கேட்டான்.

"இது நம்ம ஆறாம் நம்பருல்லா" என்றான்.

ஆமா மாமா என்று இனியவன் வெங்காயத்தையே பார்த்தான்.

பாட்டு முடிந்தது. திரும்பப் போடு என்றான் மாரி. ஷாரோன் போட்டாள். இந்தத் தடவை அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையைத் தொடையில் தட்டி எண்ணினான். மழைக்கு மேலே கேட்கட்டும் என்று சத்தத்தை ஏற்றச் சொன்னான்.

"வேகமா இருக்கே மாப்ள."

"அது லேப்டாப்புல..." என்று ஆரம்பித்தான் இனியவன். முடிக்கலை.

"லேப்டாப்புல வேகம் ஏத்தினா, அடிச்சு முடிச்சு மெஷினு காத்து விடுற சத்தமும் குறுகிரும்லா. அது அப்படியே நீளமாத்தான் இருக்கு." மாரி கோபமாகப் பேசலை. மெஷினில் என்ன கோளாறு என்று ஃபிட்டரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னான். "தகடு உரசுது, கேட்டியா? ரெண்டு கையால வச்சா உரசாது. தூக்கித்தான் வைப்போம். ஒத்தக் கையால தள்ளினாத்தான் இப்படிச் சீறும். வலது கை பட்டன்லயே கெடக்கு. இடது கை மட்டும் தள்ளுது."

இனியவன் கையில் கத்தி நின்றது.

"எப்பம் எடுத்த இத?"

மூணாவது தடவையாக அந்தப் பாட்டு தானாக ஓட ஆரம்பித்தது. ஷாரோன் ஸ்பீக்கரை அணைத்தாள். அவளுக்கு இன்னும் புரியலை. என்னாச்சு, இன்னா பேசுறீங்க ரெண்டு பேரும் என்று மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்குத்தான் மாமா" என்றான் இனியவன். "புதன்கிழமை. கடைசிப் பத்து நிமிசம். நான்தான் ஒட்டினேன். ஆளு வர்ற மாதிரி இருந்திச்சு, போனைத் தூக்கிகினு ஓடிட்டேன். டேப்ப எடுக்கல. மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன் மாமா."

"ஆஸ்பத்திரில கேட்டாகளே."

"பயந்துட்டேன். ஒரு தபா இல்லன்னு சொல்லிட்டேன், அப்பால அதையே சொல்லிகினு இருந்துட்டேன்."

ஷாரோன் அடுப்பை அணைத்தாள். தம்பியை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவன் பக்கமே போகலை. புருஷன் முன்னாடி போய்த் தரையில் உட்கார்ந்தாள். அந்தத் துண்டை விலக்கி, தையல் போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு வாரமாக அவள் அந்தக் கையைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"நீ சொன்னியே" என்றாள். "எத்தினி தபா சொன்ன. நான் இன்னா இன்னா பேசினேன் உன்ன."

மாரியோட வாய் கோணிக்கொண்டு போனது. அவ்வளவு பெரிய ஆள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். விரல் போன அன்றைக்குக்கூட அழலை.

எதுக்கு ஒட்டினே, உனக்குத்தான் டார்கெட் வந்துடுதே என்று ஷாரோன் தம்பி பக்கம் திரும்பிக் கேட்டாள். பாட்டுக்குத்தான் என்றான் அவன். முதல் நாள் எடுத்தது மெதுவாக இருந்தது, வேகம் வேண்டியிருந்தது என்றான். அப்போது அவன் கண் ஒரு தரம் என் பக்கம் வந்துவிட்டுப் போனது. நான் குண்டானில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பாட்டுல போட்டு ஊருக்கெல்லாம் கேக்க வுட்ட. இங்க, இந்தச் செவுத்துக்குள்ள எங்கிட்ட சொல்ல உனுக்கு வாயி இல்ல. கம்பெனில போயி சொல்லு. சொல்லிட்டு எங்கயாவது போ."

புதன்கிழமை விசாரணை. மாமனும் மச்சினனும் ஒன்றாக என் பஸ்ஸில் ஏறினார்கள், ஆனால் வேற வேற சீட்டு. இனியவன் போனை எடுத்துக்கொண்டு போனான். வசந்த் வெட்டி ஒட்டாத ஒரிஜினல் அதில் இருந்தது, தேதி நேரத்தோடு. நான் கேட்டுக்கு வெளியே வண்டியைப் போட்டுவிட்டு மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரன் என்னண்ணா இன்னிக்கு இவ்ளோ நேரம் என்றான். ரேடியேட்டர் சூடாயிடுச்சு என்று பொய் சொன்னேன்.

வெளியே வரும்போது மாரி மட்டும் வந்தான். உள்ளே நடந்ததைச் சொன்னான். இனியவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டானாம். ரெக்கார்டைப் போட்டுக் காட்டினானாம். ஆபீசருங்க கேட்டுவிட்டு, போன் கொண்டுவந்ததுக்கும் டேப்பு ஒட்டினதுக்கும் சேர்த்து அங்கேயே அவனை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். மாரி மேலே எழுதியிருந்த குற்றத்தை அடித்துவிட்டார்கள். மெஷின் ஓட்டுவதற்கு முன்னே பட்டனைச் சோதிக்கவில்லை என்று ஒரு வரி மட்டும் விட்டு வைத்தார்கள். கம்பெனி கம்பெனிதானே. தை மாசத்திலிருந்து ஸ்டோரில் வேலை, சாமான் எடுத்துக் கொடுக்கிறது. நிரந்தரம் பற்றி அப்புறம் பார்க்கலாமாம்.

"வேகமா எடுக்கணும்னு யாராவது சொன்னாங்களான்னு கேட்டாக அண்ணாச்சி" என்றான் மாரி. "இல்ல, எனக்காத்தான் தோணிச்சுன்னு சொல்லிட்டான். அந்த லேப்டாப்புக்காரப் பயலைக் காட்டிக்கொடுக்கல பாத்துக்கிடுங்க."

நான் கியரைப் போட்டேன்.

இனியவன் இப்போது வசந்த்தோட ரூமில் இருக்கிறான். ஆறாவது பாட்டை எடுத்துவிட்டான். மார்க் போட்ட பையன், இருக்கிறதிலேயே உருப்படியான பாட்டை ஏன் எடுத்தாங்கன்னு தெரியலை என்று இன்னொரு வீடியோ போட்டான். பஸ்ஸில் அதற்கும் பஞ்சாயத்து. எனக்கு அவனிடமிருந்து போன் வரலை. நானும் செய்யலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷாரோன் திரும்பவும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மழைக்கு ஏரி நிரம்பி, கெண்டை மீன் அள்ளிக்கொண்டு வந்து விற்றார்கள். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மாரி வலது கையால் சாப்பிட்டான், இடது கையில் மிச்சமிருக்கிற ரெண்டு விரலால் தட்டைப் பிடித்துக்கொண்டான். அவள் எதிரில் உட்கார்ந்து அவனுக்கு முள் எடுத்துப் போட்டாள். சிரித்துப் பேசினார்கள்.

பேச்சு தம்பி பக்கம் போனது. அவனை எப்பம்மா வீட்டுக்குள்ள சேர்ப்பே என்று நான்தான் கேட்டேன். மாரி, வரட்டுமே, சின்னப்பய என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

"அவனா பண்ணான், அவனா அனுபவிக்கட்டும். கூடப் பொறந்தவனே ஆறு வாரம் பொய் சொன்னான்ணா. நீங்க யாரு எங்களுக்கு? அன்னிக்கு வண்டிய திருப்பிகினு ஓடி வந்தீங்க. மெமோ வாங்கினீங்க. இவுரு ஒட்டலன்னு நான் நம்பாத போதுகூட, நீங்க ஒரு நாளு ஒரு வார்த்தை இவுர தப்பா பேசல. இந்தத் தெருவுல எங்களுக்கு உண்மையா நின்னது நீங்க ஒருத்தருதான்."

வேகம் பத்தலைன்னு சொன்னது நான்தாம்மா. எல்லாம் தெரிஞ்சும் வாயை மூடிகினு இருந்தேம்மா. ரெண்டே வரிதான் சொல்லணும். அப்போதே சொல்லியிருந்தால் அந்தப் பையன் ஒருத்தனாக அங்கே கிடக்கமாட்டான். வாயில் சோறு இருந்தது, மென்று முழுங்கினேன். முழுங்கின பிறகும் வாய் திறக்கலை. மாரி என்னைப் பார்த்துச் சிரித்தான். அவள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்து, இன்னும் ஒரு துண்டு போடட்டுமாண்ணா என்றாள்.

"நடுத்துண்டா போடும்மா" என்று தட்டை நீட்டினேன்.